செஷனில் சொன்னது காலைக் கூட்டத்துக்கு வந்துவிட்டது, இனி என்ன செய்வது?

மாடிப்படி | திங்கள், இரவு 10:42

வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு ஏழு மாதமாக ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் கவுன்சிலராக இருக்கிறேன். (சொந்தக்காரர்களிடம் சொன்னால் "எந்த வார்டு கவுன்சிலர்?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அது தனிக் கதை.) தங்கிச் சிகிச்சை பெறும் இடம், 40 படுக்கை, எல்லோரும் ஆண்கள். கவுன்சிலர்கள் இரண்டு பேர்தான். ஊர், மையத்தின் பெயரெல்லாம் வேண்டாம்.

ஆட்டோ ஓட்டும் ஒருவர், வந்து 19-வது நாள் முதல் முறையாக மனம் விட்டுப் பேசினார். மகளின் தோட்டைக் கழற்றி அடகு வைத்துக் குடித்திருக்கிறார். பிள்ளை தூங்கும்போது கழற்றியிருக்கிறார். திருகாணி இறுக்கமாக இருந்ததாம். முழித்துவிடப் போகிறாளே என்று விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கழற்றினேன் என்றார். காலையில் "ஸ்கூலில் எங்கே தொலைத்தாய்?" என்று கேட்டு அம்மா பிள்ளையை அடித்தபோது இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மனைவிக்கு இன்றுவரை தெரியாது.

அவர் சொன்னதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதி வைத்தேன். ஃபைல்கள் இருப்பது ஆபீஸ் ரூம் பீரோவில். பூட்டு கிடையாது. மறுநாள் காலைக் கூட்டத்தில் 36 பேர் முன்னால் வார்டு இன்சார்ஜ் அவரை எழுப்பி நிறுத்தி, "தோடு எங்கப்பா?" என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ஒன்பது நாளாகிறது. என் அறைக்கு வருகிறார், உட்காருகிறார், ஃபேனைப் பார்க்கிறார், நேரம் முடிந்ததும் எழுந்து போகிறார். ஒரு வார்த்தை இல்லை.

இன்சார்ஜிடம் கேட்டால், "ஈகோவை உடைக்காம எவனும் திருந்த மாட்டான் மேடம், நானே அப்படித்தான் திருந்தினேன்" என்கிறார். மையத்தை நடத்துபவரோ, "பணம் கட்டுறது குடும்பம். ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா வரும்போது தோட்டு விஷயத்தைச் சொல்லிடுங்க" என்கிறார். இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய நோட்டு | திங்கள், இரவு 11:30

பதினாறு வருஷமாக இதே வேலை. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முதல் தவறு இன்சார்ஜுடையது அல்ல, உன்னுடையது. அவர் படிக்கும் இடத்தில் நீதான் எழுதி வைத்தாய்.

கேஸ் ஷீட் வேறு, நம்முடைய குறிப்பு வேறு. கேஸ் ஷீட்டை டாக்டர் பார்ப்பார், நர்ஸ் பார்ப்பார், நாளைக்கு ஆய்வுக்கு வருபவர் பார்ப்பார். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி சிகிச்சை பெறுபவரே தன் பதிவுகளைக் கேட்டு வாங்கலாம். அதனால் எழுதும்போது இரண்டு பேரை மனதில் வைத்துக்கொள்வேன்: ராத்திரி இரண்டு மணிக்கு அவசரத்தில் புரட்டுகிற நர்ஸ், பிற்பாடு ஒரு நாள் அதைப் படிக்கப்போகிற அவர். தோட்டு விஷயத்தை நான் எழுதியிருந்தால் இவ்வளவுதான் எழுதியிருப்பேன்: "குடும்பத்தாரிடம் மறைத்த ஒரு செயல் பற்றிக் குற்ற உணர்வு. இன்றுதான் முதலில் பேசினார். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார். தொடர வேண்டும்." நர்ஸுக்கு இது போதும். தேங்காய் எண்ணெய் நர்ஸுக்கு எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை விஷயம். அதே சட்டத்தின் 23-வது பிரிவு ரகசியம் காப்பதை அவருடைய உரிமையாகவே சொல்கிறது. விலக்குகள் உண்டு: சிகிச்சை தரும் மற்றவர்களுக்கு, இன்னொருவருக்கு ஆபத்து வரும்போது, உயிருக்கு ஆபத்து என்றால். "பணம் கட்டுவது குடும்பம்" என்பது அந்த விலக்குகளில் இல்லை. மனைவியை அவர் தன் நியமனப் பிரதிநிதியாக (சட்டப்படி தன் சார்பில் நிற்க அவரே குறித்துக் கொடுக்கும் ஆள்) வைத்திருந்தால், நோய் என்ன, சிகிச்சை என்ன என்று கேட்க அந்தம்மாவுக்கு உரிமை உண்டு. தோடு நோயும் இல்லை, சிகிச்சையும் இல்லை.

அப்புறம், முதல் செஷனிலேயே இதையெல்லாம் அவரிடம் சொன்னாயா? நீங்கள் சொல்வதில் எது இந்த அறையில் நிற்கும், எதை நான் வெளியே சொல்லியே ஆக வேண்டும் என்று? உயிருக்கு ஆபத்து என்றால் டாக்டரிடம் சொல்வேன். குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி புகார் செய்தே ஆக வேண்டும், அதில் எனக்கு வேறு வழி கிடையாது. இதை அவர் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு "இதை நான் வெளியே சொல்ல வேண்டியிருக்கு" என்றால் அது பொறி வைத்த மாதிரி ஆகிவிடும்.

இப்போது செய்ய வேண்டியது மன்னிப்புக் கேட்பது. இன்சார்ஜைத் திட்டி மன்னிப்புக் கேட்காதே. "நான் எழுதி வைத்த இடம் தப்பு" என்று மட்டும் சொல். பதிலை எதிர்பார்க்காதே.


2009 முதல் | செவ்வாய், காலை 6:15

நானும் வார்டு இன்சார்ஜாக இருந்தவன். 2009-ல் குடியை நிறுத்தினேன். சிகிச்சை முடிந்த இடத்திலேயே ஆறு வருஷம் வேலை பார்த்தேன். எனவே இன்சார்ஜ் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள்.

கவுன்சிலர் மேடம் ஆறு மணிக்கு பேக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ராத்திரி வார்டில் படுப்பது இன்சார்ஜ். ஒருவன் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கத்துவான், ஒருவன் பாத்ரூம் ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்ப்பான். சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை, பல இடத்தில் சாப்பாடும் படுக்கையும்தான். அவனுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. தனக்கு என்ன நடந்ததோ அதையே சிகிச்சை என்று நினைக்கிறான்.

எனக்கு மொட்டை அடித்தார்கள். நானும் பிறகு மற்றவர்களுக்கு மொட்டை அடித்தேன், கையில் கத்திரியோடு சிரித்துக்கொண்டே. பத்து பேர் முன்னால் ஒருவனை நிற்க வைத்து "உன் பொண்டாட்டி சம்பாத்தியத்துல குடிச்சவன்தானே நீ" என்று கேட்டிருக்கிறேன். அவன் அழுதால் அன்றைக்கு வேலை நல்லபடியாக நடந்தது என்று நிம்மதியாகத் தூங்குவேன். இதை எழுத எனக்கு நாலைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

ஆனால் அந்த இன்சார்ஜிடம் சட்டப் பிரிவு பேசாதீர்கள் மேடம், காதில் ஏறாது. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் குழு) பாஷையில் பேசுங்கள். அதன் பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது படி என்ன? செய்த தப்பை இன்னொரு மனிதரிடம் ஒப்புக்கொள்வது. அந்த ஆட்டோக்காரர் 19-வது நாளே அதைச் செய்துவிட்டார், எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. ஒன்பதாவது படி, யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் நேரில் போய்ச் சரிசெய்வது. அந்தப் பிள்ளையிடமும் மனைவியிடமும் சொல்ல வேண்டியது அவர் வாய். அந்தப் படியை 36 பேர் முன்னால் இன்சார்ஜ் பிடுங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னால் மிச்சமும் போய்விடும். ஏ.ஏ. அறையில் கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். அவருடைய ஸ்பான்சர் (ஏ.ஏ.யில் வழிகாட்டும் மூத்த உறுப்பினர்) சொல்லியிருப்பார்.


மனசு மருத்துவம் | செவ்வாய், காலை 9:05

"ஈகோவை உடைப்பது" எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள்: பெரும்பங்கு கலிஃபோர்னியாவில் இருந்து. 1958-ல் சார்லஸ் டெடரிக் என்பவர் சினனான் என்ற அமைப்பைத் தொடங்கினார். போதையில் இருந்து மீண்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவரை மாற்றி ஒருவர் கிழித்தெடுப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'விளையாட்டு'. தண்டனையாகத் தலையை மழிப்பதும் அங்கே இருந்தது. அதைப் பார்த்துத்தான் உலகம் முழுக்கப் பல மையங்கள் கிளம்பின. சினனான் கடைசியில் ஒரு மதக் கும்பலாக மாறி, 1978-ல் தங்களை எதிர்த்த வக்கீலின் தபால் பெட்டியில் விஷப் பாம்பைப் போட்டது. அந்த வழக்கில் டெடரிக்கைக் கைது செய்யப் போனபோது அவர் குடிபோதையில் இருந்தார்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுதிய கட்டுரை இதற்கு நேரெதிர். குடிப்பவரோடு நாம் வாதாட வாதாட, அவர் குடிக்குப் பரிந்துதான் பேசுவார் என்றார். மாற வேண்டிய காரணம் அவர் வாயில் இருந்து வர வேண்டும், நம் வேலை அதைக் கேட்டுப் பிடித்துக்கொள்வது. தோட்டுக் கதையை அவரே சொன்னாரே, அதைவிடப் பெரிய காரணம் எதை நாம் சொல்லிவிட முடியும்?

மொட்டை விஷயம்: 2017 சட்டத்தின் 20-வது பிரிவு கட்டாய மொட்டை கூடாது என்று பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது. சீருடை போடக் கட்டாயப்படுத்தக் கூடாது. வேலை வாங்கக் கூடாது, விரும்பிச் செய்தால் கூலி தர வேண்டும். 'வொர்க் தெரபி' என்று சொல்லிக் கக்கூஸ் கழுவ வைக்கும் இடங்களில் வேலை பார்ப்பவர்கள் இந்தப் பிரிவை ஒரு தடவை படித்துவிடுங்கள்.


இரவு டூட்டி | செவ்வாய், மாலை 4:20

நான் ஸ்டாஃப் நர்ஸ். எல்லோரும் பேச்சைப் பற்றியே பேசுகிறீர்கள். பேசக் கூடாத நாட்களும் இருக்கின்றன.

முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்தது. கடைசியாகக் குடித்து இரண்டு நாள் ஆன ஒருவரைப் புதுக் கவுன்சிலர் ஒருத்தர் உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் அட்மிஷன் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். எத்தனை வயதில் குடிக்க ஆரம்பித்தீர்கள், அப்பா குடிப்பாரா, இப்படி. அந்த ஆள் தப்புத் தப்பாகப் பதில் சொன்னார், நடுவில் சட்டையில் எதையோ பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டார். கவுன்சிலர் குறிப்பில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதியிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது சட்டையில் ஒன்றுமே இல்லை. கை தந்தி அடிக்கிற மாதிரி நடுங்குகிறது, உடம்பு தெப்பமாக வியர்த்திருக்கிறது, இன்று என்ன கிழமை என்று கேட்டால் தன் மச்சான் பெயரைச் சொல்கிறார். அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார்.

குடியை நிறுத்தியதில் இருந்து 6 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். பிதற்றலும் இல்லாததைப் பார்ப்பதும் பெரும்பாலும் 48 மணிக்கு மேல், நாலாவது நாள் வரைகூட வரும். இது நடிப்பும் இல்லை, திமிரும் இல்லை. கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். அந்த நாட்களில் கவுன்சிலர் பேர், ஊர் கேட்டுவிட்டு, கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா, தலையில் அடிபட்டதா, வேறு மாத்திரை போடுவாரா என்று மட்டும் கேட்டால் போதும். பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, கண் ஒரு மாதிரி ஆடினாலோ எங்களைக் கூப்பிடுங்கள். சர்க்கரைத் தண்ணீர் டிரிப் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) போட்டாகிவிட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நல்ல நர்ஸ் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.


ஞாயிறு விசிட்டர் | செவ்வாய், இரவு 9:48

நான் கவுன்சிலர் இல்லை, மனைவி. என் வீட்டுக்காரர் இரண்டு தடவை இப்படி ஓர் இடத்தில் இருந்து வந்தவர். எல்லோரும் அவருடைய ரகசியம் என்கிறீர்கள். அந்தம்மா பெற்ற பிள்ளையைச் செய்யாத தப்புக்கு அடித்திருக்கிறாள். அது அவளுக்குத் தெரிய வேண்டாமா?

ஆனாலும் நீங்கள் சொல்லாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். முதல் தடவை ஒரு கவுன்சிலர் எனக்கு போன் போட்டு, அவர் ஊரில் யாரிடமெல்லாம் கடன் வாங்கியிருக்கிறார் என்று ஒரு பட்டியலே வாசித்தார். நான் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறேன். முன்னால் நிற்பது அந்தப் பட்டியலில் இருக்கிற ஒருத்தருடைய மாமியார். என்னால் அழவும் முடியவில்லை, போனை வைக்கவும் முடியவில்லை. இரண்டாவது தடவை இருந்த கவுன்சிலர் வேறு மாதிரி. எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். "அவர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்கார், நான் இங்கேயே இருக்கேன், நீங்க எப்ப வேணும்னாலும் நிறுத்தச் சொல்லலாம்" என்றார். அப்புறம் அவர் பேசவே இல்லை. வீட்டுக்காரர்தான் பேசினார். நடுவில் ஒரு தடவை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள்.

இன்னொன்று. முதல் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்து, "அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்துடுங்க, குடிச்சா வாந்தி வரும், தானா விட்டுடுவார்" என்றார்கள். கலந்தேன். கோயில் திருவிழாவில் குடித்துவிட்டு முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு படபடவென்று அடித்து, மயங்கி விழுந்தார். ஜி.எச்.சில் டாக்டர் "என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டபோது நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்க்கு யார் பொறுப்பு?


இரவு டூட்டி | செவ்வாய், இரவு 10:30

அக்கா, அது டைசல்ஃபிராம். தெரியாமல் கொடுக்கவே கூடாத மாத்திரை. ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போயிருக்கலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் அதன் வேலை இருக்கும். டாக்டர் பரிசோதித்து, அவரே சம்மதித்து, குடித்தால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரிந்து, பிறகு மனைவி கையால் தினமும் வாங்கிப் போட்டுக்கொள்கிறார் என்றால் அது நல்ல சிகிச்சை. தப்பு உங்களுடையது இல்லை. கவுன்சிலர்களே, வீட்டுக்கு என்ன மாத்திரை போகிறது, அது அவருக்குத் தெரியுமா என்று கேட்பது உங்கள் வேலையும்தான்.


நடத்துபவன் | புதன், காலை 8:12

நானும் ஒரு மையம் நடத்துகிறேன். சட்டம் எழுதுகிறவர்கள் ஒரு ராத்திரி வந்து வார்டில் படுத்துப் பார்க்கட்டும். கதவைத் திறந்து வைத்தால் மறுநாள் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். குடும்பம் வந்து என் சட்டையைப் பிடிக்கும். ரகசியம், உரிமை என்று பேசிக்கொண்டிருந்தால் மையத்தை மூட வேண்டியதுதான்.


வண்டியில் வந்தவன் | புதன், காலை 11:40

நடத்துபவன் சார், அந்தக் கதவுக்கு உள்பக்கம் இருந்தவன் நான். காலை ஐந்து மணிக்கு நாலு பேர் வந்து லுங்கியோடு வண்டியில் ஏற்றினார்கள். அண்ணன்தான் போன் போட்டு வரவழைத்திருக்கிறார். 94 நாள். முதல் ஒன்றரை மாதம் வீட்டுக்கு ஒரு போன்கூடக் கிடையாது.

பின்னால் தெரிந்துகொண்டது: தானாக வந்து சேர்ந்தவர் போகிறேன் என்றால் பொதுவாக விட வேண்டும். முடிவெடுக்கும் நிலையில் இல்லாத ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் சட்டத்தின் 89-வது பிரிவு இருக்கிறது. நியமனப் பிரதிநிதி எழுதித் தர வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநலப் பணியாளரோ மருத்துவரோ, தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் 30 நாள் வரைதான். அதற்கு மேல் போனால் வேறு நடைமுறை. என்னைப் பார்த்த முதல் டாக்டர் 11-வது நாள் வந்தார். ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி தீப்பிடித்தபோது 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள், சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால். அவர்கள் காலில் சங்கிலி போட்டவர்களும் கேட்டால் ஓடிப்போய்விடுவார்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. அங்கே ஒரு கவுன்சிலர் இருந்தார். அவரால் கதவைத் திறக்க முடியாது, அவரும் சம்பளக்காரர்தான். முதல் நாள் என் எதிரில் உட்கார்ந்து, "உங்களை இங்க கொண்டுவந்த விதம் சரியில்லை. இதை நான் மாத்த முடியுமான்னு தெரியல. டாக்டரைச் சீக்கிரம் வரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன். நீங்க என்கிட்ட பேச வேண்டிய கட்டாயம் இல்ல" என்றார். எழுதிக் கொடுத்த நகலையும் காட்டினார். அந்த இடத்தில் பொய் பேசாத ஒரே ஆள் அவர்தான். இன்றைக்கும் தீபாவளிக்கு போன் பண்ணுவேன். குடியை நான் நிறுத்தியது அதற்கு மூன்று வருஷம் கழித்து, வேறோர் இடத்தில். ஆனாலும் பண்ணுவேன்.


கரையோரம் | புதன், மாலை 6:55

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் இதை உளவளத்துணை என்று சொல்லுவோம், எனவே உங்களுக்கு வருகிற வார்டு கவுன்சிலர் பிரச்சினை எங்களுக்கு இல்லை.

தங்கச்சி, உங்கட பதிவை வாசிக்கும்போது எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. இதைக் கேட்க உங்களுக்கு முகம் தெரியாத எங்களை விட்டால் ஒருவரும் இல்லையா? சம்பளம் தருகிறவரும் வேலையைப் பற்றிக் கதைக்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் உண்மை கதைக்க ஏலாது. வெளியில் மூத்த ஒருவரை, மாதத்தில் இரண்டு தரமாவது, பெயர் ஊர் சொல்லாமல் இப்படியான விஷயங்களைக் கொண்டுபோய்க் கதைப்பதற்குப் பிடித்து வையுங்கள். நான் தொடங்கிய காலத்தில் எனக்கு அப்படி ஓர் அக்கா இருந்தா. ஒரு முறை, விடுதியில் இருந்த ஒரு பெடியனுக்கு போன் ரீலோட் போட்டுக் கொடுத்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவ கேட்டது ஒரே கேள்வி: "மற்ற 22 பேருக்கும் எப்ப போடப் போறீர்?"

தங்கியிருக்கும் இடத்தில் எல்லைகள் வேறு மாதிரி. வெளிநோயாளர் என்றால் ஒரு மணித்தியாலம் கண்டுவிட்டு விடலாம். இங்கே அவர் சாப்பிடுவதைக் காண்கிறீர்கள், துவாயோடு குளிக்கப் போவதைக் காண்கிறீர்கள். அவர் எழும்பிப் போக வேறு இடமில்லை. ஆகவே தாழ்வாரத்தில் மறித்து வைத்து "நேற்றுச் சொன்னதைப் பற்றி யோசித்தீங்களா?" என்று கேட்கக் கூடாது. அறைக்குள் கதைத்தது அறைக்குள்ளே. வெளியில் கண்டால் சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேளுங்கள். சாதி, ஊர், இயக்கம் எதையும் நீங்களாகத் தோண்டாதீர்கள், கேட்டது மற்றவருக்கும் கேட்கும்.


மாடிப்படி | புதன், இரவு 11:20

எல்லோருக்கும் நன்றி. பழைய நோட்டு அக்கா, முதல் செஷனில் எதையும் சொல்லவில்லை. "நம்பிப் பேசுங்க" என்றுதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.


பழைய நோட்டு | வியாழன், காலை 7:30

அவர் எப்போது டிஸ்சார்ஜ் என்று சொல்லவில்லை. நாள் நெருங்கினால் வேறு எதையும்விட முதலில் அதைப் பார். நான் ஒரு வெள்ளைத் தாளை வைத்து அவரையே வரையச் சொல்வேன்: கேட்டில் இருந்து வீடு வரை. எந்த பஸ், எங்கே மாறுவீர்கள், அங்கே எத்தனை நேரம் நிற்க வேண்டும், பக்கத்தில் டாஸ்மாக் எங்கே, ஆட்டோ ஸ்டாண்டில் முதல் நாள் யார் கூப்பிடுவார், கையில் எவ்வளவு பணம் இருக்கும். ஒருவர் வரைந்து முடித்துவிட்டு, "மேடம், பஸ் மாறுற இடத்துல 40 நிமிஷம் நிக்கணும்" என்று அவரே கண்டுபிடித்தார். தம்பியை பைக்கில் வரச் சொன்னோம்.

ஊசி, மாத்திரைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். இங்கே இருந்த நாட்களில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிட்டது, பழைய அளவைப் போட்டால் உயிர் போகும். "மறுபடி போடுங்கள் என்று சொல்வது போல் இருக்கே" என்று சில இடங்களில் இதைச் சொல்ல விட மாட்டார்கள். நான் சொல்லிவிடுவேன். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையும், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐயும் அவர் கையெழுத்திலேயே எழுத வைத்து அனுப்பு.


மாடிப்படி | அடுத்த செவ்வாய், இரவு 10:05

நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மன்னிப்புக் கேட்டேன். பழைய நோட்டு அக்கா சொன்ன மாதிரியே, நான் எழுதி வைத்த இடம் தப்பு என்று மட்டும். ஃபேனில் இருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "சரிங்க மேடம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் இன்னொரு சார்கிட்ட பேசிக்கலாமா?" என்று கேட்டார். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பேசலாம் என்றேன். அன்றைக்கே மாற்றிக் கொடுத்துவிட்டேன். மாற்றும்போது சக கவுன்சிலரிடம் தோட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, வேண்டுமென்றால் அவரே சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. உரிமையாளர் என்னைக் கூப்பிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். 23-வது பிரிவை அச்செடுத்து வைத்திருந்தேன், கொடுத்தேன். படிக்காமல் மடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். வேலை இன்னும் இருக்கிறது.

இன்சார்ஜிடம் ஒன்பதாவது படியைப் பற்றிப் பேசினேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் டீ குடிக்கும்போது அவராகவே வந்து, "அப்ப எனக்கு எதுதான் தெரியணும் மேடம்? ராத்திரி நான்தானே படுக்குறேன்" என்றார். நியாயமான கேள்வி. உட்கார்ந்து எழுதினோம்: யாருக்கு வலிப்பு வந்திருக்கிறது, யார் தூங்குவதில்லை, யார் சாப்பிடவில்லை, யாரைத் தனியாக விடக் கூடாது. "ஏன்" என்ற பத்தி அதில் கிடையாது. காலைக் கூட்டத்தில் இப்போதைக்கு யாரையும் எழுப்பி நிறுத்துவதில்லை. எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது.

பீரோவுக்குப் பூட்டு கேட்டேன், பட்ஜெட் இல்லை என்றார்கள். 180 ரூபாய்க்கு நானே வாங்கிப் போட்டுவிட்டேன். மூன்று சாவி வந்தது. ஒன்று என்னிடம், ஒன்று சக கவுன்சிலரிடம். மூன்றாவதை உரிமையாளர் கேட்கிறார்.


2009 முதல் | அடுத்த செவ்வாய், இரவு 10:40

வாரம் ஒரு நாள் வருகிற சைக்காட்ரிஸ்ட் யார் மேடம்? பதிவுக்குப் பொறுப்பு அவர்தானே, அவரிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.


மாடிப்படி | அடுத்த செவ்வாய், இரவு 10:52

வியாழன்தான் வருவார் அண்ணா. அதுவரை என் டிபன் பாக்ஸில் இருக்கிறது.